தாண்டுதல்

மூன்றடுக்குக் கேக். பின்சீற்றில்
அண்ணன் மகன் டினோஜனின் மடியில்.
அவனுக்கு ஒரே வேலை, மூச்சை மெதுவாக விடுவது.
உப்புவெளியிலிருந்து கிண்ணியா
முப்பத்தெட்டு நிமிடம் என்றது போன்.
கிறீம் தாங்குவது நாற்பத்தைந்து.
ஏசி போன மாதமே கைவிட்டது.

பாலம் வரைக்கும்
கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்.
ஆனாலும் போட்டேன்,
நேரம் காட்டுமே என்று.

"வடக்கு நோக்கிச் செல்லவும்."
பதினேழு வருடம் இந்த ஊரில் ஓடுகிறேன்,
வடக்கு எதுவென்று ஒருவரும் சொன்னதில்லை.
கடல் பக்கமா, கடலுக்கு எதிர்ப்பக்கமா,
அவ்வளவுதான்.
அதிலும் சிக்கல்,
எங்கே திரும்பினாலும் ஏதோ ஒரு கடல்.

டவுனுக்குள்
மான் ஒன்று நடுரோட்டில் படுத்து
லொட்டரிச் சீட்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தது.
ஹோர்ன் அடித்தேன்.
அது சீட்டை முடித்துவிட்டுத்தான் எழும்பியது.
முப்பத்தெட்டு நிமிடத்தில்
மான்களைச் சேர்க்கவில்லைப் போல.

பிறகு அந்தக் குரல், மிக அன்பாக,
"இடப்பக்கம் திரும்பவும். ஆறு நிமிடம் மிச்சமாகும்."
நேரே போகவேண்டும் என்று தெரியும்.
ஆறு நிமிடத்துக்கு ஆசைப்பட்டேன்.

ரோட்டு நல்ல ரோட்டு.
வேலியும் நல்ல வேலி.
முடிவில் முகாம் வாசல், சிவப்பு வெள்ளைத் தடி,
கையை உயர்த்தியபடி ஒரு பொடியன்.
"அக்கா, மெப் பாத்து வந்ததா?"
"ஓம்."
"இண்டைக்கு நாலாவது."
குனிந்து பின்சீற்றைப் பார்த்தான்.
துவக்கைத் தோளில் சரிசெய்து
"கேக் சோக்கு" என்றான்.
மேலே இருந்து பார்க்கிறவனுக்கு
அந்த ரோட்டு நேராகத்தான் போகும்.
தடி ஒரு மயிரிழைகூட இல்லை.
வானத்துக்கு வாசல் தெரியாது.

பின்னுக்கு எடுத்தேன்.
ஒரு குழி. டினோஜன் "ஐயோ" என்றான்.
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கிண்ணியாப் பாலம் கண்ணுக்கு முன்னால்
முழுசாக நிற்கிறது, பஸ் போகிறது,
மாடு போகிறது.
"படகில் ஏறவும்" என்கிறது போன்.
ஏறவில்லை என்றதும் கோபம் வந்ததோ என்னவோ
நீலப் புள்ளியைத் தூக்கித்
தண்ணீருக்குள் போட்டுவிட்டது.
"தாண்டிட்டமாடா?" என்று கேட்டேன்.
திரையை எட்டிப் பார்த்தான்.
"தாண்டு போனம் மாமி."

"சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்."
ஒரு காய்ந்த வெளி.
ஒரு எருமை.

போன் அடித்தது, ஹஸ்மியா ராத்தா.
"எங்க தங்கச்சி நிக்கிறீங்க?"
"எருமைக்குக் கிட்ட."
"எந்த எருமை?"
பிறகு அவரும் வழி சொன்னார்.
மோட்டர் கடைப் பக்கத்தால் உள்ளே வரட்டாம்,
நீலத் தறப்பாள் போட்ட வீடாம்.
அந்த ஒழுங்கையில் மூன்று நீலத் தறப்பாள்.
மூன்றாவதில்தான் பிரியாணி மணந்தது.

பெட்டியைத் திறந்தேன்.
மேலடுக்கு இடப்பக்கம் சரிந்து கிடந்தது.
சொன்னபடி திரும்பியது அது ஒன்றுதான்.
சீனிப் பூ நாலைச் சரிவில் ஒட்டினேன்.
ராத்தா பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.
காசில் ஐந்நூறு குறைந்திருந்தது.
நானும் பேசவில்லை.

திரும்பி வருகையில், அநுராதபுரச் சந்தியில்,
வெள்ளை வான் ஒன்று கிட்ட வந்து நின்றது.
உள்ளே தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள்,
மடியில் துவாய்கள்.
"கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கு எப்பிடிப் போறது?
போன் சுத்திச் சுத்தி விடுது."

"நேரே போங்கோ. ரெண்டாவது இடது."
எவ்வளவு தெளிவான குரல்!
ஒரு சொல்லும் தடக்கவில்லை.
அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டார்.

உப்புவெளி வளைவுக்குக் கிட்ட வரும்போதுதான்
இடது இல்லை என்று
ஞாபகம் வந்தது.

கண்ணாடியில் ஒரு லொறி, பிறகு வெறும் ரோட்டு.
போன் வேறெதையோ நினைத்து
"முடிந்தால் யூ-டேர்ன் எடுக்கவும்" என்றது.
டினோஜன் என்னைப் பார்த்தான்.
விரல் நுனியில் ஒட்டியிருந்த கிறீமை நக்கிக்கொண்டு
இன்னும் பார்த்தான்.

நான் சத்தத்தைக் குறைத்தேன்.