மணியங்குளத்துக் கணக்கு

பாலக்காட்டு வண்டி ஒரு நிமிடம் தாமதித்தால்
எனக்கு ஏழெட்டு முக்குளிப்பான் கூடுதல்.
போத்தனூர் வளைவில் அது ஊதியதும்
குளத்தில் உள்ள அத்தனையும் முங்கிவிடும்.
எங்கே எழும், எத்தனை எழும்,
முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஆறு பேர் நாங்கள். தொலைநோக்கி நாலு,
அதில் ஒன்று இரவல்.
தென்கரை ஹாஜிராவுக்கு.
மதகு டெஸ்மண்டுக்கு:
முப்பது வருட எஞ்சின் அவர் காதைத் தின்றுவிட்டது,
பனிக்குள் சிக்னல் தேடிய கண்ணை விட்டுவைத்தது.
மேட்டோரம் நான், நோட்டோடு.
வாரத்தில் ஆறு நாள் பம்ப்செட் கம்பெனியில்
இம்பெல்லர் எண்ணுகிறேன்.
அவை பறந்து போகாததால்
சம்பளம் கிடைக்கிறது.

நான் பாம்புத்தாரா என்று எழுதுவதை
டீக்கடை வேலப்பன் சேரக்கோழி என்பார்.
வாளையாறு தாண்டிப் பிறந்தவர்.
நம் சாரை அங்கே சேர.
எந்த மொழியில் பேர் வைத்தவனும்
முதலில் கழுத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

போன ஆவணியில் வார்டுக் கூட்டம்.
கரையைச் சுற்றி எண்பது விளக்கு,
நடுத்திட்டில் கருவேலத்தை வெட்டிவிட்டு
கலர் கலராய் நீரூற்று.
"இதுல நம்மூர்ப் பறவை எத்தனைங்க?"
என்றது மைக்.
நோட்டைப் புரட்டினேன்.
தேதி இருந்தது, இனம் இருந்தது,
எண்ணிக்கை, காற்று, மேகம் இருந்தது.
ஊர் என்று ஒரு கட்டம் நான் போட்டிருக்கவில்லை.
கூடு இங்கே, இரை கஞ்சிக்கோட்டு வயலில்,
கணவாய்க் காற்றில் போக வர இருக்கும் இவற்றுக்கு
நம்பர் பிளேட் டி.என்.னா, கே.எல்.லா?

மீன் குத்தகைக்கார மாசாணம் எழுந்தார்.
நீர்க்காகம் எங்கே கண்டாலும் கல்லெடுப்பவர்.
முடிந்தது என்று நினைத்தேன்.
"என்ற கட்லாவ பாதி அதுகதானுங்க திங்குது.
திட்ட வெட்டுனாத் தொலையும்னுதான் நானும் இருந்தேன்.
ஆனா மரத்தடியில அதுக எச்சம் விழுற எடத்துலதான்
மிச்ச மீனு மேயுது."
உட்கார்ந்துகொண்டார்.
எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தீர்மானம்:
நீரூற்று பிறகு பார்க்கலாம்.
விளக்கு, இரவு பத்து வரை.
கருவேலம், பாதி.

பாதி என்றால் மேற்குப் பாதி.
வக்காக்கள் பகலில் தூங்கியதும்
அந்தப் பாதியில்தான்.

இந்தத் தை, மூன்றாம் ஞாயிறு.
வக்கா: போன வருடம் நூற்றுப் பன்னிரண்டு.
மதகிலிருந்து டெஸ்மண்ட் கையை விரித்தார்.
ஹாஜிரா போனில், "இங்கயும் இல்லக்கா."
இன்னொரு சுற்று நடந்தோம்.
ஆகாயத்தாமரை ஓரம், வெட்டிய தூர்களின் இடுக்கு,
சாக்கடை வந்து விழும் வாய் வரை.
நாமக்கோழிகள் எங்களைப் பற்றி
என்னவோ பேசிக்கொண்டன.

"காலியா விட்றலாமே" என்றான்
புதிதாய்ச் சேர்ந்த கல்லூரிப் பையன் தருண்.

காலிக் கட்டம் என்றால்
மழை பெய்தது, யாரும் வரவில்லை,
பேனா எழுதவில்லை, எதுவாகவும் இருக்கலாம்.
சுழி என்றால்
ஆறு பேர், நாலு மணி நேரம்,
கண் எரிய நின்று பார்த்தோம் என்று பொருள்.
போட்டேன்.
முனை போய்ச் சேரும் இடத்தில்
பேனாவைக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது.

டீக்கு வந்தபோது வேலப்பன் சொன்னார்:
"ராத்திரி கட பூட்டும்போ மேலே ஒச்ச கேக்கும்.
பாதிராக்கொக்காணு."

அன்றிரவே போனோம்.
பத்துக்கு விளக்குகள் அணைந்தன,
வடகரையில் மூன்று மட்டும் அணையவில்லை.
பத்தே காலுக்கு, தலைக்கு மேல்,
குவாக்.
சற்றுத் தள்ளி இன்னொன்று,
அல்லது அதே ஒன்று.

படிவத்தில் இருட்டுக்குக் கட்டம் கிடையாது.
நோட்டை நான் திறக்கவில்லை.
டெஸ்மண்டுக்கு எதுவும் கேட்கவில்லை.
அடுப்பு வெளிச்சத்தில் எங்கள் முகங்களைப் பார்த்தார்,
பிறகு ஒரு விரலை நீட்டி,
இரண்டாவதையும் பாதி நீட்டி,
புருவத்தால் கேட்டார்.