விளிம்புக்கல்

வரைபடத்தில் மரம் ஒரு வட்டம்.
மனிதன் அதைவிடச் சின்ன வட்டம்.
ரொசாரியோ மாநகராட்சியின் மூன்றாம் மாடியில்
கணினித் தெருவில் ஆட்களை இறக்கி வைத்தேன்.
ஆயத்த உருவங்கள். எல்லாரும் ஒல்லி.
ஒருத்தி கையில் பலூன்,
ஒருவன் எப்போதும் சைக்கிளோடு.
காகிதக் கட்டு சுமப்பவர் அந்தத் தொகுப்பில் இல்லை.
வியர்ப்பவரும் இல்லை.

பல்கலைக்கழகத்தின் முதுகை உரசிக்கொண்டு ஓடும்
நானூறு மீட்டர் தெரு அது.
பதினோரு ஜெராக்ஸ் கடைகள்;
பரீட்சைக் காலத்தில் தெரு முழுக்கச் சூடான மை வாசனை.
இரண்டு பக்கமும் கார்கள்.
நடுவில் பேருந்து
வயிற்றை எக்கிக்கொண்டு நுழையும்.

எலிசேயோ பார்த்த வேலைக்குப் பெயர் கிடையாது.
ஆரஞ்சுத் துணியை வீசிக்
கார்களுக்கு இடம் காட்டுவான்.
"வா, வா, இன்னும் ஒரு சாண், போதும்."
சில்லறை கொடுத்தவருக்கும் கொடாதவருக்கும்
ஒரே சல்யூட்.
கணக்கெடுப்புப் படிவத்தில் அவனுக்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்று எழுதினேன்.

கார் வராத ஒரு சனிக்கிழமையை ஒத்திகை பார்த்தோம்.
இரு முனையிலும் பூந்தொட்டிகள்,
தார்மேல் மஞ்சள் பெயின்ட்,
இரவல் நாற்காலிகள் அறுபது.
ஜனங்கள் வந்தார்கள்.
வந்து,
பழைய நடைபாதையிலேயே
தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தார்கள்.
காலியாய்க் கிடந்த நடுத்தெருவை
ஆற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்,
ஆழம் தெரியாமல் காலை விடுவானேன் என்று.

பத்தரை மணிக்கு
ஜெராக்ஸ் கடை நெலிதா
தாள் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியை
விளிம்புக்கல்லிலிருந்து தடாலென்று இறக்கி
நட்டநடுவே தள்ளிக்கொண்டு போனாள்.
ஒரு சக்கரம் கீச்சிட்டது.
அந்தத் தெருவில் அதுவரை
எந்தக் கீச்சும் என் காதில் விழுந்ததில்லை.
பின்னால் இரண்டு மாணவர்கள். ஒரு நாய்.
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்;
எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

துணியை எதைப் பார்த்து வீசுவதென்று தெரியாமல்
எலிசேயோ கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு வெயில் நகர நகர
நாற்காலிகளை நிழலுக்கு இழுத்துப் போட்டான்,
"இன்னும் ஒரு சாண், போதும்" என்று
அவற்றிடமே சொல்லிக்கொண்டு.
நாற்காலி போட்டதற்கு யார் சில்லறை தருவார்?

ஒரு வருஷம் கழித்து நிரந்தர வேலை.
விளிம்புக்கல்லைப் பெயர்த்துத்
தெருவும் நடைபாதையும் ஒரே மட்டம்.
என் வரைபடத்தின் பெருமையே அதுதான்.
நான்காம் ஆண்டு சட்டம் படிக்கும் மிலாக்ரோஸ்
வெள்ளைத் தடியோடு மூன்று மாடி ஏறி வந்தாள்.
"இந்த ஊரில் நான் முதலில் வாசித்த வரி
அந்தக் கல்.
அதை அழித்துவிட்டீர்கள்.
இப்போது எங்கே நின்றாலும் நடு."

எங்கே நின்றாலும் நடு.
அதற்குமேல் எதுவும் பேசாமல் இறங்கிப் போனாள்.
அன்றிரவு வீட்டில் கண்ணை மூடி நடந்து பார்த்தேன்.
நாலாவது அடியில் சுண்டுவிரல் பெயர்ந்தது.

வரிவரியாகப் பள்ளம் கீறிய சிமென்ட் பட்டை,
நாற்பது சென்டிமீட்டர் அகலம்.
வாதாடி வாங்க ஏழு கூட்டங்கள் ஆயின.
வழியில் ஒரு ஜகரண்டா.
வெட்டிவிடலாமா என்றார் ஒப்பந்தக்காரர்.
கொத்தனார் யாரையும் கேட்கவில்லை,
பட்டையை மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்.
எந்தத் தாளிலும் நான் போடாத வளைவு.

நவம்பரில் ஊதாப் பூக்கள் கொட்டிப்
பள்ளங்களை மூடிவிடுகின்றன.
எலிசேயோ இப்போது இரண்டு தெரு தள்ளி
ஆஸ்பத்திரி வாசலில் கார்களைக் கூப்பிடுகிறான்.
படிவத்தில் இன்னும் கட்டம் வரவில்லை.
காலையில் வேலைக்குப் போகிற வழியில்
அந்த வளைவில் மட்டும்
துணியால் பூவைத் தட்டிவிட்டுப் போகிறானாம்,
நெலிதா சொல்கிறாள்.
நான் பார்த்ததில்லை.
பார்த்தது இதுதான்:
ஒரு வெள்ளைத் தடி
நேரே வந்து, மரத்தண்டை தயங்கி,
சரி என்று வளைந்து போகிறது.