கூடம் கோணல்

பகலில் என் வேலை நிறுத்துவது.
மொன்டானா மலைகளில் தாமிரம் ஏற்றி இறங்கும்
சரக்கு ரயில்களுக்கு பிரேக் கட்டை மாற்றுகிறேன்.
இரவில் அதே கையால்
ஒரு சாண் பைன் கட்டையை
நிற்காமல் ஓடவைக்கப் பார்க்கிறேன்.
மிலேனாவுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.
பதினோரு வயது. நோட்டுப் புத்தகம் அவளிடம்.
நான் எடுபிடி.

வண்டிக்கு எஞ்சின் கிடையாது, சாவி கிடையாது.
மேலே வைத்தால் கீழே வரும்,
அதன் மொத்தப் படிப்பும் அவ்வளவுதான்.
நான்கு ஆணிகள் அச்சு. நான்கு சக்கரம்.
அதில் ஒன்று தரையைத் தொடவே தொடாது.
"சும்மா இருக்கிறவன் இழுக்கமாட்டான்" என்கிறாள்,
என்னைப் பார்க்காமல்.

எடை ஐந்து அவுன்ஸ். ஒரு குன்றிமணி கூடக்கூடாது.
அடிவயிற்றைத் துளைத்து டங்ஸ்டன் குண்டு வைத்தோம்,
கூடிப்போனது, முதுகைச் சீவினோம்,
குறைந்துபோனது.
கிராஃபைட் தூள் வெண்ணெயில்,
கிராஃபைட் தூள் கதவுக் குமிழில்,
கோலீனின் ஞாயிற்றுக்கிழமைக் காலரில்
ஐந்து விரலும் தெளிவாக.

ஜனவரி முழுக்கக் கூடத்தில் பலகை கிடந்தது.
எட்டடி நீளம், ஒரு தலைக்கு அகராதி முட்டு,
நடுவே சாக்பீஸ் கோடு.
விட்டோம். இடப்பக்கம் ஒதுங்கியது.
முன் அச்சை மயிரிழை திருப்பி விட்டோம்.
இடப்பக்கம்.
இன்னொரு மயிரிழை.
வெளியே பனி ஜன்னல் வரை ஏறியிருந்தது,
உள்ளே யாரும் மூச்சு விடவில்லை.
நூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டம்
கோட்டை விட்டு இம்மியும் பிசகாமல் வந்து
பிரிட்ஜின் காலில் முட்டி நின்றது.
மிலேனா பேனாவை மூடிவைத்தாள்.
பேனாவை அவள் மூடினால் அது திருவிழா.

மறுநாள் நாய்
கதகதப்பாக இடம் பார்த்து
பிரிட்ஜ் ஓரத்தில் நான்கு குட்டி போட்டது.
வேறு வழியில்லை, பலகையை எதிர்ப்பக்கம் திருப்பினோம்.
அதே வண்டி. அதே கோடு. அதே அகராதி.
வலப்பக்கம் பாய்ந்தது,
பாதிப் பலகையிலேயே விளிம்பு தாண்டிக் குதித்து
நாற்காலிக்கு அடியில் போய்க் கவிழ்ந்தது.
ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது,
தரையைத் தொடாத அந்தச் சக்கரம்தான்.

வண்டியைத் திட்டினேன். ஆணியைத் திட்டினேன்.
மிலேனா பேசாமல் என் பெட்டியிலிருந்து
ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள்.
குமிழி நடுவில் நிற்கவில்லை.
சுவரோரம் வைத்தாள். நிற்கவில்லை.
ஆடத் தெரியாதவள்தான்
கூடம் கோணல் என்பாளாம்.
எங்கள் கூடம் மெய்யாகவே கோணல்.
எட்டடிக்கு அரை அங்குலம், வடக்கே.
தெருவுக்கு அடியில் பழைய சுரங்கங்கள்.
எவனோ தோண்டி, எவனோ விற்று,
எவனோ கம்பியாக்கி வீடுகளுக்கு விளக்கேற்றிய
தாமிரத்தின் காலியிடம்
எங்களை மெல்ல உள்ளே அழைத்துக்கொண்டிருக்கிறது.

"பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்" என்றாள் கோலீன்
அடுப்பிலிருந்து திரும்பாமல்.
"வாணலியில் எண்ணெய் ஒரு பக்கமே சேரும்.
மேஜைக் காலுக்கு அட்டை வைத்தது யார்?
கேட்டீர்களா யாராவது?"

ஆக ஒரு மாதமாக
நாங்கள் வண்டியைத் திருத்தவில்லை.
வீட்டின் கோணலை அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.
போட்டி சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில்,
சமதளத்தில்.
மிலேனா நோட்டைப் பிரித்தாள்.
'குறைகள்' என்ற தலைப்பின் கீழ்
'வண்டி' என்பதை அடித்துவிட்டு
'வீடு' என்று எழுதினாள்.
பலகையின் வடக்கு ஓரத்துக்கு அடியில்
ஓட்ஸ் டப்பாவின் அட்டையைக் கிழித்துக் கிழித்துச் செருகினாள்,
குமிழி நடுவுக்கு வரும்வரை.
நான் குறடு எடுத்து
ஒவ்வொரு மயிரிழையாக ஆணியைத் திருப்பிவைத்தேன்.
ஓட்டம் ஒன்று, என்று எழுதினாள் மறுபடி.

இரவு படுத்தபின் கேட்டேன்.
கோலீன் தெற்கே, நான் வடக்கே,
தூக்கத்தில் அவள் புரண்டு புரண்டு
என் தோளில் வந்து நிற்பது பன்னிரண்டு வருஷப் பழக்கம்.
"அதுவும் இந்தச் சரிவுதானா?"
இருட்டில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
குட்டிகள் மட்டும் கீழே முனகின.
"இடம் மாறிப் படு" என்றாள்,
"நூறு ராத்திரி எழுதிவைத்துக்கொண்டு
அப்புறம் சொல்."