ஜூலையின் கட்டம்

கேம்பிரிட்ஜ் பேயில் மே மாதம்.
கடல்மேல் பனிக்கட்டி ஒரு மீட்டர் தொண்ணூறு.
டோரீன் துளைப்பானை நிறுத்தி உருட்டுகிறாள்.
மேலே வரும் உருளையை
நான் துண்டு விரித்து வாங்குகிறேன்,
பிரசவ அறையில் நிற்கும் தாதியைப் போல.
நீளம் முழுக்க வெண்மை, கொஞ்சம் நீலம்,
மற்றபடி ஒன்றுமில்லை.
அடியில் மட்டும் மூன்று விரற்கடைக்குத்
தேநீர்க் கறை.

அந்தக் கறைக்காகத்தான்
இவ்வளவு பெட்ரோல் எரித்து வந்தோம்.

பாசி என்றால் எனக்கு வழுக்குவது,
படியில் பார்த்துக் கால் வை என்பது.
கழுத்தில் கோக்கும் மணிக்கும் பாசி என்றுதான் பெயர் என்பது
நுண்ணோக்கியில் கண்ணை வைத்த அன்றுதான் உறைத்தது.
ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி ஓடு,
ஓடெல்லாம் ஊசி குத்திய வரிசை,
சரம் சரமாகக் கோத்து
நூலை மட்டும் யாரோ உருவிக்கொண்டது போல்.

நான் எண்ணுகிறவள்.
அயோடின் விட்டுக் கொன்று
ஓரிரவு படியவைத்து
கட்டம் கட்டமாக எண்ணுகிறவள்.
நானூறு ஆனால் நிறுத்தலாம், அது விதி.
மே மாதத்தில் மூன்றாம் கட்டத்திலேயே நானூறு.
டிசம்பரில் தட்டு முழுக்கத் தேடி
பதினேழு.

பதினேழும் சும்மா இல்லை.
வெயில் தின்று வளர்ந்தவை
வெயிலே எட்டிப் பார்க்காத ஆறு வாரத்தில்
பாக்டீரியாவைப் பிடித்துத் தின்கின்றன.
சைவமா அசைவமா என்று
அந்த இருட்டில் யார் கேட்கப் போகிறார்கள்.

ஜூனில் மேல்பனி கரையும்,
வெளிச்சம் கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.
நிழலுக்குப் பழகிய கூட்டம் பிடி நழுவிக்
கொத்துக் கொத்தாக அடிக்குப் போகும்,
சிப்பிகளின் வாய்க்கு.
அந்த இடத்துக்கு நீரில் வேறொரு கூட்டம் நிற்கும்,
முள் முளைத்தவை, கை கோத்தவை.
பூப்பது பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு.
நைட்ரேட் தீர்ந்தால் கடை அடைப்பு.
ஆகஸ்டில் மிஞ்சுபவை பொடிசுகள்:
வாலை ஆட்டிக்கொண்டு
இல்லாததில் குடும்பம் நடத்தத் தெரிந்தவை.

இதெல்லாம் பழைய தாள்களில் இருக்கிறது.

இந்த வருடம்
படகின் எஞ்சினுக்கு ஒரு ரப்பர் வளையம்
வரவேண்டியிருந்தது.
மூடுபனி. விமானம் தலைக்கு மேல் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது.
மறுநாளும் அதே.
கடல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.
வழக்கத்துக்கு ஒன்பது நாள் முன்னால்
ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில்,
இரவு என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் பகலில்,
விரிகுடா வாயைத் திறந்துவிட்டது.

வளையம் வந்து நாங்கள் இறங்கியபோது
நீர் தெளிவு. அநியாயத் தெளிவு.
அடிக்கல் தெரிந்தது.
டோரீன் வலையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:
"பந்தி முடிஞ்சு பாத்திரமும் கழுவியாச்சு."

தாளில் ஜூலைக்கு ஒரு கட்டம்.
சுழியம் போட முடியாது,
பூக்காமலா இருந்திருக்கும்?
போன வருடத்து எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எண்
மனதில் வந்து நின்றது, கை போகவில்லை.
ஒரு கோடு இழுத்தேன்.
காரணம் என்ற இடத்தில்
ரப்பர் வளையம் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் வலையில் வந்தவை
அரிசி நீளத்துக் கூனிகள்.
ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் ஓர் எண்ணெய்ப் பை,
உப்பி, லேசாகச் சிவந்து.
அவற்றை எண்ணுவது என் வேலையில்லை.
வேறொருத்தர் மேசைக்குப் போகும் குப்பியை
ஜன்னல் வெளிச்சத்தில்
கொஞ்சம் அதிக நேரமே பிடித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் டோரீன்
சார் மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.
ஆரஞ்சுச் சதை. உப்பு, மிளகாய்த்தூள்.
சட்டியில் மீனைப் புரட்டும்போது
ஓரமெல்லாம் எண்ணெய் மிதந்தது.

நான் விட்டது
அரைக் கரண்டிதான்.