ஆறாம் நம்பர் காடு, டார்ஜிலிங்

பெள்ளி கடைக்கு அது வந்து சேர
மாதம் பிறந்து பத்து நாளாவது ஆகும்.
மேட்டுப்பாளையத்தில் ரயில் மாறி
குன்னூரில் பஸ் மாறி
கொலக்கம்பை வரும்போது
அட்டைப்பட நாயகியின் மூக்கில்
கண்டக்டர் வைத்த டீ டம்ளரின் வட்டம்.

நிழல்முரசு. விலை ஒண்ணேகால் ரூபாய்.
ஆறு வீட்டுக்கு ஒன்று வாங்குவோம்.
நடுப்பக்கம் யாருக்கு என்று
லைனில் நடந்த சண்டைகளை
மேஸ்திரியாலும் தீர்க்க முடிந்ததில்லை.

வாசிப்பவள் நான்.
கிசுகிசுவை மட்டும் மூன்று தரம் கேட்பார்கள்.
மூன்றெழுத்து நடிகர் யார் என்று
ஆளுக்கொரு பெயர் சொல்லி
மறுநாள் கொழுந்து நிறுக்கும்வரை ஓடும்.

எழுபத்தெட்டில் படக்காரர்கள் வந்தார்கள்.
நாலு நாள் மூடுபனி, ஐந்தாம் நாள் வெயில்.
நாயகிக்கு இரண்டு சால்வை.
ஆக்‌ஷன் என்றதும் இரண்டையும் உருவிக்கொண்டு
ஒரு பையன் புதருக்குள் குனிவான்.
எங்களைக் கிள்ளச் சொன்னார்கள்,
முந்தின நாள் கிள்ளி முடித்த செடியில்.

போட்டோக்காரர் நிழல்முரசு ஆள் என்று தெரிந்ததும்
கூடையோடு நிமிர்ந்துவிட்டேன்.
"கொஞ்சம் தள்ளு தாயி."
தள்ளினேன்,
அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாக.

தை மாத இதழ். நடுப்பக்கம். வண்ணத்தில்.
நாயகியின் தோளுக்கு இடப்பக்கம்
என் கூடையும் பாதி முழங்கையும்.
கீழே எழுதியிருந்தது:
'டார்ஜிலிங் குளிரில் ஒரு தமிழ்ப் பூ.'

அன்று ராத்திரியே கார்டு எழுதினேன்.
ஐயா, அது டார்ஜிலிங் இல்லை,
கொலக்கம்பை, ஆறாம் நம்பர் காடு.
பின்னால் நிற்கும் சில்வர் ஓக்
போன ஐப்பசியில் இடி விழுந்து தலை ஒடிந்தது.
வேண்டுமானால் வந்து பார்க்கவும்.
இப்படிக்கு, அஞ்சுகம்.

சித்திரையில் கேள்வி பதிலில் வந்தது.
கேட்டவர்: ஆறுமுகம், கொலக்கம்பை.
பதில்: கோபிக்காதீர் சார்,
டார்ஜிலிங் டீயைக் குடித்துக்கொண்டே எழுதிவிட்டோம்.

அஞ்சை ஆறாக்கிய அச்சுக்கோப்பவன்
எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.
அன்றிலிருந்து லைன் முழுக்க நான் ஆறுமுகம் சார்.
கல்யாணத்துக்கு முந்தின இரவு
மாப்பிள்ளை வீட்டார்
யார் அந்த ஆறுமுகம் என்று விசாரித்தது
வேறு கதை.

கடைசி இதழ் எது என்று எனக்குத் தெரியாது.
கடைசி என்று அதில் போடவில்லை.
ஒரு மாதம் வரவில்லை, மழை என்று நினைத்தோம்.
அடுத்த மாதம் மண்சரிவு என்றார் பெள்ளி.
அதற்கடுத்த மாதம்
அது தொங்கும் கயிற்றில்
ஷாம்பு பாக்கெட் மாட்டியிருந்தார்.
நானும் இரண்டு வாங்கினேன்.

நடுப்பக்கத்தை மைதா மாவில் சுவரோடு ஒட்டியிருந்தோம்.
மருமகள் வந்ததும் சுண்ணாம்பு அடித்தாள்.
மறைந்துவிட்டது, பெரும்பாலும்.
ஐப்பசி ஈரத்தில் மட்டும்
ஓரிடத்தில் சிவப்பாகக் கசிகிறது.
கசிவு, ஒழுகுது என்கிறாள்.
உதட்டுச் சாயம் என்கிறேன் நான்.

அதற்கு இடப்பக்கம் ஒன்றரை விரற்கடை தள்ளி
அலமாரியை வைக்க விடமாட்டேன்.