பதினேழு ஆ

'பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தம், 1921.
தொழிலாளர் போராட்டமா, சாதிக் கலவரமா?
இருவேறு விளக்கங்களை ஒப்பிட்டு மதிப்பிடுக.'
பதினைந்து மதிப்பெண்.
மீதி நாற்பது நிமிடம்.

தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில்
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மேசையோடு கையெழுத்தும் ஆடுகிறது.

முதல் விளக்கம் மனப்பாடம்:
கூலி, சங்கம், கதவடைப்பு,
வெளியே நின்றவர்கள் போராளிகள்,
உள்ளே போனவர்கள் கருங்காலிகள்.
அடிக்கோடு போட ஸ்கேலை வைத்தேன்.
வைத்த கை அங்கேயே நின்றது.

உள்ளே போனவர்களில் ஒருவன் பெயர் தொப்ளான்.
புளியந்தோப்பு. எங்கள் வம்சம்.
அவன் பசிக்கு கைடில் ஒரு வரி இல்லை,
குடிசைக்கு உண்டு:
'சில குடிசைகள் எரிந்தன.'

எரிந்தன.
மழை பெய்தது, இலை உதிர்ந்தது என்பதுபோல.
எட்டாம் வகுப்பில் படித்தோமே
தன்வினை, பிறவினை.
நூறு வருஷமாய் யாரும் பற்றவைக்காமல்
தானே எரிந்துகொண்டிருக்கிறது ஒரு குடிசை.

'எரித்தார்கள்' என்று எழுதினேன்.
யார் என்று கேட்டு எழுவாய் வந்து நின்றது.
பெயர் தெரியாது. அடித்தேன்.
'எரிக்கப்பட்டன.'
இது இன்னும் கோழைத்தனமாகப் பட்டது,
ஆனாலும் விட்டுவிட்டேன். மணி ஆகிறது.

மூன்று பெஞ்சு தள்ளி தவுலத்.
அவள் கொள்ளுத்தாத்தா வெளியே நின்றவர்.
அதே கேள்விதான். தலை நிமிரவில்லை.
கூடுதல் தாள் கேட்டு இரண்டு முறை எழுந்தாள்.

முடிவுரைக்குத் தலைப்பு மட்டும் போட்டு
நூல் கட்டிக் கொடுத்தேன்.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை.
'இன்னா எழுதுனே?'
'கைடுல இருந்தத. பாஸாவணும்ல,
சூப்பர்வைசர் வேலைக்கு டிகிரி கேக்குறான்.'
'கருங்காலின்னு எழுதுனியா?'
பேஜோவை நொறுக்கித் தட்டில் போட்டாள்.
'அண்டர்லைன் வேற போட்டேன்.'

அப்புறம் பாதித் தட்டு காலியாகும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

'எங்க வூட்டுலயும் ஒருத்தர் செத்தாரு.
போலீஸ் சுட்டு.
கைடுல "குண்டு பாய்ந்தது"ன்னு போட்டுக்கீது.
தானா பாயறதுக்கு அது இன்னா,
புலியா?'

எனக்குச் சிரிப்பு வந்தது, வரக்கூடாத இடத்தில்.
அவள் சிரிக்கவில்லை.
எலுமிச்சை போதவில்லை என்று
தட்டைத் தூக்கிக்கொண்டு
கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள்.