ஏழாம் இருக்கை

அர்பானா, இல்லினாய். பிப்ரவரி.
வெளியே அறுத்த சோளத்தாள்மீது உறைபனி.
உள்ளே திரை, அணைக்க மறந்த அடுப்புபோல
ஆரஞ்சாய்க் கனன்றுகொண்டிருக்கிறது.

மார்னா லிண்ட்க்விஸ்ட் பாடம் எழுதுகிறாள்.
அந்த மொழியில் சொற்கள் கொஞ்சம்தான்:
எழுது. நில். கேள். விடை. பிழை.
பாடம் நடத்த இவ்வளவு போதும் என்று
யாரோ ஒரு பொறியாளன் கணக்குப் போட்டிருக்கிறான்.

பக்கத்தில் தகரப் பெட்டி. நான்கு குரல்.
நான்குக்கும் சளி.
அது இரண்டு சுரம் ஒலிக்கும்;
இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தின் பெயரை
மாணவர் தட்டச்ச வேண்டும்.

விடை ஒரே வரியில் முடிந்துவிட்டது.
பிழைக்குத்தான் மூன்று வாரம்.
பாதிப் பெயர் சொல்பவன்,
சரியாகச் சொல்லி எழுத்தில் சறுக்குபவள்,
'தெரியாது' என்பவன், 'போடா' என்பவன்
என்று இன்னும் வந்து உட்காராத ஒவ்வொருவரின் தவறையும்
முன்கூட்டியே நினைத்துப் பார்த்து
ஆளுக்கொரு பதில் வைக்கிறாள்.
கட்டிக்கொண்டவனுக்காகக்கூட
இவ்வளவு யோசித்ததில்லை.

புதன்கிழமைப் பதிவேடு. ஏழாம் இருக்கை.
ஒலித்தது: மைனர் தேர்ட்.
அடித்தது: 'கெய்ரோவில் ரயில் பாலம் ஏறும்போது.'
இயந்திரம்: இல்லை.
'கெய்ரோவில் ரயில் பாலம் ஏறும்போது.'
இல்லை.
பதினொரு தடவை.
பன்னிரண்டாவது, வெற்று வரி.
7.42க்கு எழுந்து போயாகிவிட்டது.

இது எகிப்தின் கெய்ரோ அல்ல.
இதே மாநிலத்தின் தென்கோடி,
இரண்டு ஆறு முட்டிக்கொள்ளும் ஊர்.
மார்னா அங்கே போனதில்லை.

இங்கே பாலமும் இல்லை, மேடும் இல்லை.
பத்து மணிச் சரக்கு ரயிலுக்காக
ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் பல் கிட்டிக்க
நின்று பார்த்தாள்.
அது வேறென்னவோ சொல்லிவிட்டுப் போயிற்று.
ஆக, நம்ப வேண்டியதாயிற்று.

விடை, என்று தொடங்கினாள்.
கண்டுகொள்ளத் தேவையில்லாத சொற்களைத்
தனியே ஒதுக்கச் சொல்கிறது மொழி.
எதை ஒதுக்குவது?
ரயிலை எடுத்தால் பாலம் ஊமை.
ஏறும்போது என்பதை எடுத்தால்
இறங்கும்போதும் அதே சுரமா, யாருக்குத் தெரியும்.
ஒன்றையும் ஒதுக்கவில்லை.

துறைத்தலைவர் அந்த வரியில் விரல் வைத்தார்.
"நினைவகம் என்ன விலை தெரியுமா? இது என்ன?"
"பிழைதிருத்தம்" என்றாள்.
அவர் தலையாட்டிவிட்டு
காப்பி இயந்திரம் பக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை ஏழாம் இருக்கையில்
யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.
கோட்டில் பனி இன்னும் கரையவில்லை.